நாரையாருக்கு நேரமில்லை

அந்தக் காட்டில் குளங்களுக்குப் பஞ்சமில்லை. குளத்துக்குக் குளம் கூட்டங்களுக்கும் பஞ்சமில்லை. மாலையானால் போதும், கரையில் பிராணிகள் கூடி அரசியல் பேசும். தங்களுக்குள் பேசினால் மதிப்பில்லையாம்; வெளியூரிலிருந்து ஒரு சிறப்புப் பேச்சாளர் வந்தாக வேண்டும். எல்லாக் குளமும் போட்டி போட்டு அழைத்த பேச்சாளர் ஒரு நாரை.

நாரையாரிடம் இருந்தது ஒரே ஒரு பேச்சு. 'ஒன்றுபட்டால் குளம் நமதே!' எங்கே குரலை உயர்த்த வேண்டும், எங்கே தழுதழுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முடித்ததும் ஒரு தாமரை இலையைப் பொன்னாடையாகப் போர்த்துவார்கள். "இனி கேள்வி நேரம்" என்று யாராவது சொன்னால் உடனே அவருக்குச் சிறகு அரிக்கும்.

"அடுத்த கூட்டம் காத்திருக்கிறது!" என்று கிளம்பிவிடுவார்.

ஒருநாள் அல்லிக்குளத்தில் அப்படிக் கிளம்பும்போது, கடைசி வரிசையிலிருந்து, நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நீர்ப்பறவையான நாமக்கோழி ஒருத்தி ஓடி வந்தாள்.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி! எங்க கோரைப் பக்கம் உடும்பு ஒண்ணு..."

"அருமையான கேள்வி, அம்மா! அடுத்த முறை விரிவாகப் பேசுவோம்!"

முழுசாகக் கேட்டால்தானே அருமையா இல்லையா என்று தெரியும்! அதற்குள் நாரையார் பறந்தாயிற்று.

அவசரத்தில் தாழப் பறந்தார். கருவேல மரத்து முள் சிறகைக் கிழித்தது. தொப்பென்று விழுந்தார். அடுத்த குளத்தில் காத்திருந்தவர்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு ஒரு குரங்கை மேடையேற்றிச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஒருவரும் தேடி வரவில்லை.

நாரையாருக்குச் சொந்தக் குளம் எது என்று கேட்காதீர்கள். மேடை மேடையாகச் சுற்றியவருக்குக் கூடு கட்ட எங்கே நேரம்? சிறகு ஆறும்வரை தண்ணீர் நடுவே நிற்க ஓர் இடம் வேண்டும். வெட்டவெளியில் நின்றால் நரிக்கு இரை. கிழிந்த சிறகைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார்.

தாமரைக்குளத்துச் செயலாளர் தவளை குதித்து வந்தது.

"வாங்க ஐயா, வாங்க! தேதி கொடுக்க வந்தீங்களா?"

"இல்லை தம்பி. சிறகு கிழிஞ்சு போச்சு. நாலு நாள் இங்கே தங்கிக்கட்டுமா?"

தவளையின் கண் இன்னும் கொஞ்சம் பிதுங்கியது. "தங்கவா! அதுக்குச் செயற்குழு கூடணுமே! தீர்மானம் போடணுமே!"

ஒரு தாமரை இலையைப் போர்த்தி வழியனுப்பி வைத்தது.

மூங்கில்குளத்துத் தலைவர் ஆமையோ, "உங்க பேச்சுன்னா எனக்கு உயிர்!" என்று ஓட்டுக்குள்ளிருந்தபடியே சொன்னார். தலை வெளியே வரவேயில்லை.

மூன்றாம் நாள் அல்லிக்குளத்துக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அங்கே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மேடையில் ஒரு மரங்கொத்தி. 'ஒன்றுபட்டால் குளம் நமதே!' எழுத்து மாறாமல் நாரையாரின் பேச்சு. அதே இடத்தில் அதே கைதட்டல்! நாரையார் கடைசி வரிசையில் போய் நின்றார். யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. மேடையில் இல்லாத நாரையை யாருக்கு அடையாளம் தெரியும்?

ஒருத்திக்குத் தெரிந்தது. நாமக்கோழி கூட்டத்தில் இல்லை. சற்றுத் தள்ளி, தண்ணீரில் தனியாக இருந்தாள். நாரையார் மெல்ல இறங்கி அவளிடம் போனார்.

"அம்மா, அன்னிக்கு என்னவோ கேட்க வந்தீங்களே. இப்போ கேளுங்க. எனக்கு நேரமிருக்கு."

"இப்போ கேள்வி இல்லீங்க."

"உடும்புன்னு ஏதோ..."

"முட்டையைத் தின்ன வந்துக்கிட்டிருந்தது. நீங்க ஒண்ணா நிக்கணும்னு அத்தனை பேருக்கும் சொன்னீங்களே, காவலுக்கு என்கூட ரெண்டு பேரை நிறுத்தச் சொல்லுவீங்களான்னு கேட்க வந்தேன். அவ்வளவுதான்."

"முட்டை?"

நாமக்கோழி கோரைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு அவருடைய சிறகைப் பார்த்தாள்.

"அந்தக் கோரைக்குள்ளே ஒரு கூடு காலியாயிருக்கு. அது பக்கத்துல நின்னுக்குங்க. அங்கே நரி வராது."

சொல்லிவிட்டு எதிர்க்கரைக்கு நீந்திப் போய்விட்டாள்.

காலிக் கூட்டின் பக்கத்தில் நாரையார் ஒற்றைக் காலில் நின்றார். கரையில் கைதட்டல் எழுந்து ஓய்ந்தது. கேள்வி நேரம் என்று யாரோ சொல்வது கேட்டது. யாராவது வந்து தன்னை ஒரு கேள்வி கேட்கமாட்டார்களா என்று முதல் முறையாக ஏங்கினார். ஒருவரும் வரவில்லை.

ஊருக்கெல்லாம் பேசுகிறவனுக்குக் கைதட்டல்தான் கிடைக்கும்; ஒருத்தர் சொல்வதை நின்று கேட்கிறவனுக்கே துணை கிடைக்கும்.