கன்னத்தில் ஒரு குழி, காதில் ஒரு ஒட்டு

"தலையை ஆட்டாமல் பிடி" என்றது குளவி. வாயில் களிமண் இருந்ததால் பாதிதான் கேட்டது.

குழந்தையின் தலை தாய்மாமன் வேம்பன் மடியில் இருந்தது, கால்கள் அத்தை மாதியின் மடியில். இருவரும் ஒரே பலகையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடையாளம் போடும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்கவேண்டும் என்பது ஆற்றங்கரை வழக்கம். மலையில் அது அத்தை மடி. இரண்டு பேரும் விடிவதற்குள் வந்து மடியை விரித்துவிட்டார்கள். யாரையும் பலகையை விட்டு எழுப்ப முடியவில்லை.

அந்தக் காலத்தில், குளவிக்கும் பேச்சு இருந்தபோது, மனிதக் குழந்தைகளின் முகம் முதல் மாதம் முழுக்க ஈரமண் போல இளகியிருக்கும். எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒரே சாயல். சந்தையில் தொலைந்த பிள்ளை யாருடையது என்று தெரிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதனால் மண்வேலை தெரிந்த குளவியிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்கு இரு கன்னத்திலும் குழி; ஆற்றில் சுழி விழுவதைப் பார்த்து அவர்களே கேட்டு வாங்கியது. மலைப் பிள்ளைகளுக்குத் தோடு போடும் இடம் தொங்காமல் கன்னத்தோடு ஒட்டியிருக்கும். குளிர்காற்றில் காது ஆடக்கூடாது என்பது அவர்கள் எண்ணம்.

ஒரு முகத்துக்கு ஒரு ஊர் அடையாளம்தான். அதை வைத்துத்தான் எந்த ஊர்ப் பிள்ளை என்பது. மற்ற ஊருக்கு அந்தப் பிள்ளை விருந்தாளி. இருட்டுமுன் கிளம்பிவிட வேண்டும்.

குழந்தையின் அம்மா நீலாயி ஆற்றங்கரைக்காரி. அப்பா கொம்பையன் மலைக்காரன். இருவரும் அடிவாரத்தில் குடிசை போட்டிருந்தார்கள். கன்னத்தில் குழி விழுந்தால், கொம்பையனின் தாய் பேத்தியை ஒரு இரவுகூடப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்ள முடியாது. காது ஒட்டிவிட்டால், நீலாயி பிள்ளையோடு பிறந்த வீட்டில் தங்கமுடியாது. இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசாமலே நாளைத் தள்ளிவந்தார்கள். இன்று கெடு முடிகிறது. வெயில் ஏறினால் முகம் இறுகிவிடும்.

மலைக்காரர்கள் சிரித்தால் வாய் மட்டும்தான் சிரிக்கும், கன்னம் வேலைக்கு வராது என்று வேம்பன் ஆரம்பித்தான். ஆற்றங்கரையில் பெரியவர்களுக்குக்கூட ஆட்டுக்குட்டி காது என்றாள் மாதி. அவன் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"மண் காய்கிறது" என்றது குளவி. "எந்த ஊர் என்று யாராவது சொல்லுங்கள்."

கொம்பையன் அடுப்புச் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தான். அவள் சொல்லட்டும் என்று அங்கிருந்தே சொன்னான்.

நீலாயி குளவியின் அருகில் வந்து குந்தினாள்.

"இந்தக் கன்னத்தில் ஒரு குழி போடு. அந்தப் பக்கத்துக் காதை ஒட்டிவிடு."

"அரைகுறை வேலை நான் செய்ததில்லை, தாயி."

"அரை எங்கே இருக்கிறது? இரண்டு வீடும் முழுசாகத்தானே இருக்கிறது."

குளவி குழந்தையின் முகத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. அதுவரை எந்தப் பிள்ளையும் அதைக் கண்டால் அழத்தான் செய்யும். இவள் அந்த ரீங்காரத்தைக் கேட்டு, பிறந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள். குளவி தன் தொழில் விதியை மறந்தது. சிரிப்பு அடங்குமுன் இடது கன்னத்தில் இறங்கி அழுத்தியது. பிறகு வந்த வேகத்திலேயே வலது காதுக்குப் போய், கொஞ்சம் மண் வைத்து ஒட்டியது.

சிரிப்பு நின்றதும் குழியைக் காணவில்லை. வேம்பனுக்கு முகம் விழுந்துவிட்டது. மாதி கீழே குனிந்து குழந்தையின் பாதத்தைச் சுரண்டினாள். குழந்தை சிரித்தது. குழி வந்தது.

"நல்ல வேலை பார்த்தேன்" என்றது குளவி. "இனி சந்தையில் இவள் தொலைந்தால் யாரிடம் கொடுப்பது?"

"யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் சோறு போடட்டும்" என்றான் வேம்பன். அவன் கண்ணில் படுவதற்குள் நான் ஊட்டி முடித்திருப்பேன் என்றாள் மாதி.

"அப்படியானால் எனக்கு இங்கே வேலையில்லை. அப்பன் வீட்டில் இருப்பதையும் அம்மா வீட்டில் இருப்பதையும் பிள்ளைகள் தாமே எடுத்துக்கொண்டு பிறக்கட்டும்." சொல்லிவிட்டுக் குளவி கூரை இடுக்கு வழியாக வெளியேறியது. அதன் பிறகு அது மனிதர்களோடு பேசவில்லை. கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாததால் நம் சுவர் மூலைகளில் மண் உருட்டிக் குழி செய்துகொண்டிருக்கிறது.

ஆற்றங்கரையில் குழிவிழும் கன்னங்கள் அதிகம், மலையில் ஒட்டிய காதுகள் அதிகம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் ஆற்றையே பார்த்திராத ஒரு மலைவீட்டில் பிள்ளை சிரிக்கும்போது கன்னம் குழிவதும், படகுத்துறையில் யாரோ ஒருத்திக்குத் தோடு போட இடம் போதாமல் போவதும், சில பேருக்கு ஒரு கன்னத்தில் மட்டும், சிரித்தால் மட்டும் குழி தெரிவதும் அந்தக் காலைக்குப் பிறகுதான்.

வெயில் வாசலுக்கு வந்தது. குழந்தை மாமன் தோளில் தூங்கிப்போயிருந்தது. நீலாயியும் கொம்பையனும் முதலில் எந்த வீட்டுக்குப் போவது என்று பேசிக்கொண்டே மூட்டை கட்டினார்கள். மாதி பலகையில் மிஞ்சியிருந்த ஈரமண்ணைத் தொட்டு, தன் கன்னத்தில் ஒரு விரலை அழுத்தி, கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தாள்.