உலகநாதன் எழுதப் பழகின கதை

கொக்கரைப்பட்டியில் மழை வந்தால் ஜனங்கள் குடையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஓடுவார்கள். புதுக் குடை நனைந்துவிடக் கூடாதே என்று. மற்றபடி தங்கமான மனுஷர்கள். பொய் சொல்லத் தெரியாது, ஒருத்தரை ஏமாற்றத் தெரியாது, பெரியவர்கள் சொன்ன சொல்லைத் தட்டத் தெரியாது. இந்தக் கடைசிக் குணம்தான் அவர்களைப் படாத பாடு படுத்தியது.

அந்த ஊரில் அழகாக எழுதுகிறவன் என்று பெயர் வாங்கியவன் உலகநாதன். அவன் எழுத்து ஒவ்வொன்றும் குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி பளிச்சென்று இருக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால்தான் சங்கடம்.

அவன் பெண்டாட்டி வடிவு, ஆவுடைபுரத்துக்காரி. அவள் தங்கச்சிக்குக் கல்யாணம் வந்தது. அழைப்பிதழை மூத்த மாப்பிள்ளைதான் எழுத வேண்டும் என்றார்கள். உலகநாதனும் சாமி கும்பிட்டு, பேனாவுக்குப் பொட்டு வைத்து எழுதினான். "சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம்" என்று எழுத வேண்டிய இடத்தில் "வீழ்த்தியருள வேண்டுகிறோம்" என்று எழுதிவிட்டான். ஒரே ஒரு எழுத்துதான் மாறியது.

அழைப்பிதழை இந்தக் காலத்தில் யார் முழுசாகப் படிக்கிறார்கள்? முகூர்த்தம் எத்தனை மணிக்கு, சாப்பாடு எந்த மண்டபத்தில் என்று பார்ப்பதோடு சரி. கடைசி வரி வரைக்கும் படித்தவர்கள் உலகநாதனின் சிநேகிதர்கள் மூன்று பேர்தான். மூக்காண்டி, கொம்பையா, பலவேசம்.

"என்ன வே, இப்படிப் போட்டிருக்கு?" என்றான் மூக்காண்டி.

"அவங்க வீட்டு வழக்கமா இருக்கும். நமக்கென்ன?" என்றான் கொம்பையா.

"மனசு கேக்கலை. இருந்தாலும் இவ்வளவு மரியாதையா வேண்டிக் கேட்டிருக்காங்களே" என்றான் பலவேசம்.

பொண்ணும் மாப்பிள்ளையும் விரலைக் கோத்துக்கொண்டு அக்கினியைச் சுற்றி வரும்போது, மூக்காண்டி கண்ணில் தண்ணீரோடு காலை நீட்டினான். மாப்பிள்ளை விழுந்தார். முந்தானை முடிச்சு போட்டிருந்ததால் பொண்ணும் கூடவே விழுந்தது. மூன்று பேரும் கையெடுத்துக் கும்பிட்டு, மொய் எழுதிவிட்டுப் பந்திக்குப் போனார்கள்.

யார் செய்த புண்ணியமோ, யாருக்கும் அடியில்லை. ஆனால் வடிவு அன்றைக்குக் கொக்கரைப்பட்டிக்கு வண்டி ஏறவில்லை.

"எழுத்துப் பிழையில்லாம, படிச்சா மனசு இளகுற மாதிரி, உங்க கையால நாலு வரி எழுதி அனுப்புங்க. அன்னைக்கு வருதேன். அதுவரைக்கும் எங்க அம்மை வீட்டுலதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டாள்.

உலகநாதன் தனியாக வீட்டுக்கு வந்தான். உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை. ரசத்தில் சோப்புத்தூளைப் போட்டு, நுரையைப் பார்த்து, பரவாயில்லை, நன்றாகப் பொங்கி வந்திருக்கிறது என்று குடித்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். சாயங்காலம் ஆனால் வடிவு சாமி படத்துக்கு விளக்கேற்றுவாள். அந்த மூலை இருட்டாகக் கிடப்பதைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை. சாமியும் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார், நானும் இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்து நினைத்து அழுதான்.

சிநேகிதர்கள் வந்தார்கள். "தப்பு எங்க கால்லயும் இருக்கு. எழுதப் பழகணும்னா நாலு பேருமே பழகுவோம்" என்றார்கள்.

டவுனில் ஒரு நூலகம் இருந்தது. அங்கே எஸ்தர் என்று ஒரு அம்மாள் வேலை பார்த்தாள். நல்ல மாதிரி, ஆனால் எந்நேரமும் புத்தகத்துக்கு முத்திரை குத்திக்கொண்டே இருப்பாள். நாலு பேரும் அவள் முன்னால் போய்க் கைகட்டி நின்று விஷயத்தைச் சொன்னார்கள்.

"பேனாவும் பேப்பரும் இருந்தா மட்டும் எழுத்து வந்துராது அண்ணாச்சி" என்றாள் எஸ்தர், முத்திரை குத்தியபடியே. "எழுத்துக்குத் துணையா சில பழக்கம் வேணும். மொதல்ல வாசிங்க. தினமும் வாசிங்க. வாசிக்காம ஒருத்தரும் எழுத்தாளர் ஆனதில்ல."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று யோசித்தார்கள்.

"என்னத்தை வாசிக்கணும்னு அந்தம்மா சொல்லலியே" என்றான் உலகநாதன்.

"புல்லாங்குழலா இருக்கும்" என்றான் பலவேசம்.

"புல்லாங்குழல்ல ஓட்டை சின்னதுவே. எழுத்தும் பொடிப்பொடியாத்தான் வரும். நாயனம்தான் சரி" என்றான் கொம்பையா.

கோயில் மேளக்காரரிடம் கெஞ்சி நாயனத்தை வாங்கி வந்து, முறை வைத்து ஊதினார்கள். பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. யாருக்கோ கல்யாணம் என்று பாதித் தெரு குளித்து முழுகி வந்து பந்திக்கு உட்கார்ந்துவிட்டது. யாரோ போய்விட்டார்கள் என்று மீதித் தெரு மாலையோடு அழுதுகொண்டு வந்தது. உலகநாதன் நிறுத்தவில்லை. ஒவ்வொரு தடவை மூச்சு முட்டும்போதும் வடிவு ஒரு அடி பக்கத்தில் வந்ததாக நினைத்துக்கொண்டான்.

"நல்லா வாசிச்சோம்மா. வாய் வீங்கிப்போச்சு" என்று எஸ்தரிடம் போய்ச் சொன்னார்கள்.

"வாய்விட்டு வாசிச்சீங்களா? ரொம்ப நல்லது" என்றாள் அவள், நிமிர்ந்து பார்க்காமலே. "அடுத்து, காதைத் தீட்டி வச்சுக்கிடணும். சந்தையில, பஸ்ஸுல ஜனங்க எப்படிப் பேசுதாங்கன்னு..."

அவள் முடிப்பதற்குள் நாலு பேரும் வாசலைத் தாண்டிவிட்டார்கள். சாணை பிடிக்கிறவர் அந்தத் தெருவில்தான் சைக்கிளை நிறுத்தியிருந்தார்.

"காது தீட்டணும்" என்றான் உலகநாதன்.

சாணைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "கத்தி தீட்டுவேன், அரிவாள் தீட்டுவேன். காது இதுவரைக்கும் யாரும் கொண்டுவரலை."

"கொண்டுதான் வந்திருக்கோம்" என்று பலவேசம் நாலு பேர் காதையும் காட்டினான்.

மேல் விளிம்பைத் தீட்டுவதா, கீழே தொங்குவதைத் தீட்டுவதா என்று கொஞ்ச நேரம் வழக்கு நடந்தது. கடைசியில் மூக்காண்டி முன்வந்து, கண்ணை மூடிக்கொண்டு காதைச் சக்கரத்தின் பக்கம் கொண்டுபோனான். பட்டும் படாமலும்தான் பட்டது. அவன் போட்ட கூச்சலில் பஸ் ஸ்டாண்டில் நின்ற பஸ் ஒன்று விசில் என்று நினைத்துக் கிளம்பிவிட்டது.

கொம்பையா நிதானமாகச் சொன்னான்: "அவன் கத்தினது எனக்கு எவ்வளவு தெளிவாக் கேட்டுது தெரியுமா? என் காது கூராத்தான் இருக்கு. எனக்கு வேண்டாம்."

மற்ற இரண்டு பேரும் யோசித்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் தெளிவாகத்தான் கேட்டிருந்தது.

அன்றைக்கே உலகநாதன் ஒரு பக்கம் எழுதி எஸ்தரிடம் காட்டினான். "நலம். நலம் அறிய அவா. இப்பவும் நான் எழுதிக்கொள்வது என்னவென்றால், எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்று போய்க்கொண்டே இருந்தது.

எஸ்தர் படித்துவிட்டு, "பிழை இல்ல. ஆனா எழுத்துல உயிரே இல்லையே அண்ணாச்சி" என்றாள்.

உலகநாதனுக்கு முகம் வாடிவிட்டது. வீட்டுக்கு வந்து நாலு பேரும் தாளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"அந்தம்மா சொல்லுதது சரிதான். 'க' போட்டிருக்கீரு, 'ன்' போட்டிருக்கீரு. அ, இ ஏதோ ஒண்ணு ரெண்டு கிடக்கு. ஆ, ஈ, ஊ எல்லாம் எங்க?" என்று கேட்டான் பலவேசம். அவன் இரண்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன்.

ஆக, உயிரெழுத்து மட்டும் வைத்து ஒரு பக்கம் எழுதினார்கள். மறுநாள் நூலகத்தில் உலகநாதன் அதை நின்றுகொண்டு வாசித்தான். "ஆ. ஈ. ஊ. ஐ. ஓ. ஓ. ஔ." பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஓடி வந்து, "எந்தப் பல்லு தம்பி?" என்று விசாரித்தார்.

எஸ்தர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக முத்திரையைக் கீழே வைத்தாள். நாலு பேரையும் நன்றாகப் பார்த்தாள். ஏசுவே என்று மனசுக்குள் சொல்லியிருப்பாள் போல. அப்புறம் பொறுமையாகப் பேசினாள். "அண்ணாச்சி, உயிர்னா உங்க மனசுல ஓடுதது. அவங்க இல்லாம உங்களுக்கு எப்படி இருக்கோ, அதை எழுதுங்க. எழுதின சூட்டோட அனுப்பாதீங்க. ஒரு ராத்திரி ஊறப் போட்டு, காலையில எடுத்துப் பாருங்க."

உலகநாதன் வீட்டுக்கு வந்து மனசில் ஓடியதையெல்லாம் எழுதினான். நிஜமாகவே எழுதினான். அழுது அழுது எழுதினான். அதில் ஒரு பிழைகூட இல்லை என்று நான் சத்தியம் பண்ணுவேன்; ஆனால் பார்க்கத்தான் யாருக்கும் கொடுத்து வைக்கவில்லை.

"தண்ணியில ஊறப் போடவா, மோர்ல ஊறப் போடவா?" என்றான் கொம்பையா.

"தண்ணியிலதான். ரெண்டு வெந்தயம் போடு. மிருதுவா வரும். மனசு இளகணும்லா" என்றான் பலவேசம்.

காலையில் பானையைத் திறந்தால் நீலத் தண்ணீரும் கஞ்சி மாதிரி ஏதோ ஒன்றும் இருந்தன. வெந்தயம் மட்டும் நன்றாக ஊறியிருந்தது.

"தண்ணியைக் கொட்டிராதீரும். சத்து முழுக்க அதுலதான் இறங்கியிருக்கு. பாட்டில்ல ஊத்தி வடிவு மதினிக்கு அனுப்புவோம். குடிச்சா விளங்கிரும்" என்றான் மூக்காண்டி.

உலகநாதன் பானைப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். வீட்டில் வேறு தாள் இல்லை. நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில், யாரையும் கேட்காமல், எந்தப் பழக்கத்தையும் நினைக்காமல் எழுதினான்.

"வடிவு, உப்பு எங்க இருக்குன்னு தெரியல. விளக்கேத்த ஆள் இல்ல. சாமி இருட்டுல இருக்காரு. நீ வந்தா நல்லா இருக்கும்."

எஸ்தர் அதைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுதான் எழுத்து அண்ணாச்சி. ஒண்ணையும் மாத்தாதீங்க" என்றாள். அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். பழக்கதோஷம், இன்னொன்றையும் சொன்னாள்: "அனுப்புறதுக்கு முன்னால, படிக்கிறவங்க இடத்துல இருந்து ஒரு தடவை படிச்சுப் பாத்துருங்க. நல்ல எழுத்தாளருக்கு அதுதான் முக்கியம்."

படிக்கிறவள் இடம் ஆவுடைபுரம். நாலு பேரும் அடுத்த பஸ்ஸிலேயே போய் இறங்கினார்கள்.

வடிவு அம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள். மாமியார் சொக்கம்மா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தை, வடிவு எந்த இடத்துல இருப்பா?" என்று கேட்டான் உலகநாதன்.

"எங்க இருப்பா? எப்பவும் அந்த அடுப்படி மூலையிலதான். உங்க மேல உள்ள கோவத்துல சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா."

உலகநாதன் நேரே போய் அடுப்படி மூலையில் உட்கார்ந்தான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "கோவமா இருக்கணும்வே" என்று பலவேசம் ஞாபகப்படுத்தினான். உலகநாதன் கோபமானான். மூக்காண்டி நாட்காட்டித் தாளை எடுத்து வாசித்தான்.

சரியாக அந்த நேரத்தில் வடிவு குங்குமத்தோடு வாசற்படி ஏறினாள். உப்பு வந்தது, விளக்கு வந்தது, இருட்டில் இருக்கும் சாமி வந்தது. அவள் உள்ளே போய்ப் பையில் சேலையை எடுத்து வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எந்திரிங்க. நம்ம வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

உலகநாதன் சுவரை விட்டுத் திரும்பவில்லை. "நான் வரலை."

"ஏன்?"

"காகிதத்துல எழுதி அனுப்பிச்சா வந்துரணுமா? அந்த மனுஷனே நேர்ல வந்து கூப்பிடட்டும். அப்பப் பாப்போம்."

"எந்த மனுஷன்?"

"கொக்கரைப்பட்டி உலகநாதன்தான். வேற யாரு?"

வடிவு அம்மாவைப் பார்த்தாள். அம்மா மிளகாயைப் பார்த்தாள். "அப்ப நான் யாருங்க?" என்று வடிவு கேட்டாள்.

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் படிக்கிற இடத்துல இருக்கேன். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

சிநேகிதர்கள் மூன்று பேரும் கலந்து பேசினார்கள். அவன் கேட்பதில் நியாயம் இருப்பதாகவே பட்டது. போய் ஆளைக் கையோடு கூட்டிவந்துவிடலாம் என்று பஸ் பிடித்துக் கொக்கரைப்பட்டிக்குப் போனார்கள். சாயங்காலம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். வடிவு தூக்கின பையை இன்னும் கீழே வைக்கவில்லை.

"வீடு பூட்டிக் கிடக்கு. அக்கம்பக்கத்துல விசாரிச்சோம். காலையிலேயே பஸ் ஏறிப் போயிட்டானாம்" என்றான் மூக்காண்டி.

உலகநாதன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு தேம்பினான்.

"பாத்தியளா? நான் இங்க அழுதுகிட்டு இருக்கேன், அவன் வீட்டைப் பூட்டிக்கிட்டு ஊர் சுத்தப் போயிட்டான். அத்தை, எனக்கும் சேத்து உலை வைங்க. இனி நான் அந்த வீட்டுக்குப் போறதா இல்லை."