கள்ளிப்பழம் பூசிய கொண்டை

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் சில கோழிகளும் ஒரு கீரியும் அக்கம்பக்கத்தில் குடியிருந்தன. கேட்க ஆச்சரியமாக இருக்கும், குழந்தைகளே, ஆனால் சண்டை சச்சரவு இல்லாமல்தான் குடியிருந்தன. அவற்றுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. பாம்பு அண்டாமல் கீரி காவல் காக்கும். அடைக்கு வைத்ததுபோக மிஞ்சும் முட்டைகளைக் கோழிகள் கீரிக்குக் கொடுக்கும்.

கீரியின் பெயர் சாம்பி. கோழிகளில் ஒன்றின் பெயர் சிலுப்பி. சிலுப்பிக்குப் பெருமை அதிகம். யாராவது தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், இறகைச் சிலுப்பிக்கொண்டு இரண்டு நடை நடந்துவிட்டுத்தான் இரை பொறுக்கும்.

அந்த வருடம் மழை ஓய்ந்து பனி தொடங்கியது. கோழிகளுக்கு இறகு உதிரும் காலம். கழுத்தில் இறகு இல்லாமல் ஒன்று, வால் இல்லாமல் ஒன்று என்று எல்லாம் கூச்சத்தோடு புதர் மறைவில் நின்றன. முட்டை இடுவதும் நின்றுபோனது.

சிலுப்பிக்கு மட்டும் இன்னும் இறகு கொட்டவில்லை. முட்டையும் விட்டுவிட்டு இட்டுக்கொண்டிருந்தது.

"பார்த்தீர்களா? உடம்பு என்றால் இப்படி இருக்கவேண்டும்!" என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தது.

ஆனால் சிலுப்பி யாரிடமும் சொல்லாதது ஒன்று இருந்தது. எவ்வளவு கொத்தித் தின்றாலும் அதன் பசி அடங்கவில்லை. இறகுக்கு அடியில் நெஞ்செலும்பு கத்தி முனைபோலத் துருத்தியது. ஒருநாள் குட்டையில் தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது தன் கொண்டையைப் பார்த்துத் திடுக்கிட்டது. செக்கச்செவேலென்று இருந்த கொண்டை பழுத்த இலைபோல வெளிறிக் கிடந்தது.

"ஐயையோ, இதை யாராவது பார்த்தால்?"

ஓடைக்கரையில் சப்பாத்திக்கள்ளி பழுத்திருந்தது. சிலுப்பி ஒரு பழத்தைக் கொத்திப் பிளந்து, அதில் கொண்டையை நன்றாகத் தேய்த்தது. கொண்டை மறுபடியும் சிவந்தது.

அந்தக் காட்டின் வைத்தியர் ஒரு கரடி. அதன் வாயிலிருந்து இனிப்பாக ஒரு வார்த்தை வராது. ஒரு காலையில் கசப்பு மருந்தைக் கொட்டாங்கச்சியில் கலக்கி எடுத்துக்கொண்டு கோழிகளிடம் வந்தது.

"உங்கள் எச்சத்தில் புழு கிடக்கிறது. எல்லாரும் ஒரே மண்ணைத்தானே கிளறுகிறீர்கள்? ஒருத்தி வயிற்றில் இருந்தால் மற்றவளுக்கும் வரும். வரிசையாக வந்து குடியுங்கள். முட்டை நின்றிருக்கும் இந்த நேரம்தான் மருந்துக்குத் தோது" என்றது கரடி.

"குடித்த பிறகு முட்டை வந்தால், வைத்தியரே?" என்று கேட்டது வாலில்லாத கோழி.

"நான் வந்து சொல்லும்வரை அதை யாரும் தின்னக்கூடாது. மருந்து முட்டைக்குள்ளும் இறங்கும்."

சிலுப்பி யோசித்தது. இத்தனை கோழிகளில் முட்டை இடுவது தான் ஒருத்திதான். அந்த முட்டையை யாரும் தொடக்கூடாது என்றால் தன்னை யார் மெச்சுவார்கள்? முறை வந்ததும் மருந்தை அலகில் வாங்கியது. தலையை அண்ணாந்து விழுங்குவதுபோல் காட்டியது. பிறகு மூங்கில் புதருக்குப் பின்னால் ஓடி, எல்லாவற்றையும் துப்பிவிட்டது.

சில நாட்கள் போயின. சாம்பியின் குட்டிகள் பால் மறக்கும் வயதை எட்டின. முதல் உணவாக முட்டை ஊட்டலாம் என்று ஆசையோடு சாம்பி கோழிகளைத் தேடி வந்தது. எல்லாக் கூடுகளும் காலியாக இருந்தன.

"என்னிடம் ஒன்று இருக்கிறது, அக்கா" என்று சிலுப்பி முன்னால் வந்தது.

"நீ மருந்து குடித்தவள் ஆயிற்றே? கரடி வேண்டாம் என்று சொன்னதாமே?"

"எனக்கு எதற்கு மருந்து? என் கொண்டையைப் பாருங்கள். நோய்க்காரி கொண்டையா இது? நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை."

சாம்பி கொண்டையைப் பார்த்தது. பழம்போலச் சிவந்திருந்தது. "நீ சொன்னால் சரிதான்" என்று நம்பி முட்டையை வாங்கிக்கொண்டது.

தன் முட்டையைக் குட்டிகள் தின்பதைப் பார்க்கச் சிலுப்பியும் கூடவே போனது. சாம்பி முட்டையைப் பாறையில் தட்டி, ஓர் அகன்ற இலையில் ஊற்றியது. குட்டிகள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. கடைக்குட்டி முந்திக்கொண்டு நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கியது.

"அம்மா, இதில் ஒரு நூல் இருக்கிறது!" என்றது இன்னொரு குட்டி. "அம்மா, நூல் நெளிகிறது!"

சாம்பி குனிந்து பார்த்தது. மஞ்சள் கருவை ஒட்டி, வெள்ளையாக, நீளமாக ஒரு புழு நெளிந்துகொண்டிருந்தது.

சாம்பி போட்ட அலறலில் மரத்திலிருந்த கிளிகள் எல்லாம் பறந்துபோயின. அது கடைக்குட்டியை இழுத்து மடியில் கவிழ்த்து, வாயைத் தன் நாக்கால் துடைத்துத் துடைத்துத் துப்பியது. குட்டி விவரம் புரியாமல் வீறிட்டு அழுதது.

சிலுப்பி உடைந்த ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அந்தப் புழு எங்கிருந்து வந்தது? உடைக்கும்வரை ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லையே! தனக்குள்ளிருந்துதான் வந்திருக்கிறது. இன்னும் எத்தனை உள்ளே இருக்கின்றனவோ! நினைத்ததுமே அதன் உடம்பு நடுங்கியது. நடுங்கிய வேகத்தில் இறகுகள் பொலபொலவென்று கொட்டின.

"வைத்தியரே! வைத்தியரே!" என்று கத்திக்கொண்டு கரடியின் குகைக்கு ஓடியது.

கரடி விரைந்து வந்து குட்டியின் வாயைத் திறந்து பார்த்தது. "பயப்படாதே, சாம்பி. கோழிப் புழு கீரி வயிற்றில் பிழைக்காது. குட்டிக்கு ஒன்றும் ஆகாது" என்றது. பிறகு சிலுப்பியின் பக்கம் திரும்பி, ஈரக் கையால் அதன் கொண்டையைத் தேய்த்தது. கை சிவந்தது. கொண்டை வெளுத்தது.



சாம்பி கடைக்குட்டியை அணைத்தபடி சிலுப்பியைப் பார்த்தது. "பாம்பிடமிருந்து உங்களை நான் காக்கிறேன், சிலுப்பி. உன்னிடமிருந்து என் பிள்ளைகளை யார் காப்பது?"

அதற்குப் பிறகு வெகுநாள் சாம்பி கோழிகள் பக்கம் வரவில்லை. மூங்கில் அடியில் இருந்த பாம்புப் புற்றைப் பார்த்துப் பார்த்துக் கோழிகள் பயந்து நடுங்கின.

கரடி மறுபடி கலக்கிக் கொடுத்த மருந்தைச் சிலுப்பி ஒரு சொட்டு விடாமல் குடித்தது. மறுநாள் எச்சத்தோடு வெளியே வந்த புழுக்களைப் பார்த்து அது பின்னால் துள்ளியது. ஒரு பிடி நூலைச் சுருட்டிப் போட்டதுபோல் இருந்தது. கரடி அதைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, "நானே வந்து சொல்லும்வரை முட்டையை யாருக்கும் தராதே" என்று சொல்லிப் போனது.

கரடி வருமுன் ஒருநாள் சிலுப்பி கடைசியாக ஒரு முட்டை இட்டது. அன்றைக்கென்று பார்த்துச் சாம்பி குட்டிகளோடு வந்து நின்றது. குளிரில் தவளைகூட வெளியே வராத நாட்கள். குட்டிகளின் வயிறு ஒட்டிப்போயிருந்தது. முட்டையைப் பார்த்ததும் சாம்பியின் மூக்கு துடித்தது.

"சிலுப்பி, பசி தாங்காமல்தான் வந்தேன். அதைத் தருகிறாயா?"

கொடுத்தால் பழைய உறவு திரும்பிவிடும் என்று சிலுப்பிக்குத் தோன்றியது. ஆனாலும் முட்டையின் முன்னால் சிறகை விரித்து நின்றது.

"வேண்டாம், அக்கா. நான் மருந்து குடித்திருக்கிறேன். கரடி இன்னும் சரி சொல்லவில்லை."

"பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது?"

"அன்றைக்கும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது."

சொன்ன வேகத்தில் சிலுப்பி முட்டையைக் கொத்தி உடைத்தது. அதன்மேல் காலால் மண்ணை ஆழமாகத் தள்ளி மூடியது. பிறகு, "இந்த உளுத்த கட்டைக்கு அடியில் வண்டுகள் கிடக்கின்றன. கிளறித் தருகிறேன், பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லி மண்ணைக் கிளற ஆரம்பித்தது.

குட்டிகள் வண்டுகளைப் பிடித்து மொறுமொறுவென்று தின்றன. கழுத்திலும் முதுகிலும் ஓர் இறகுகூட இல்லாமல், வெளிறிய கொண்டையோடு கிளறிக்கொண்டிருந்த சிலுப்பியைச் சாம்பி வெகுநேரம் பார்த்தது. எழுந்துபோய், பாம்புப் புற்றின் வாயில் மூக்கை வைத்து மோப்பம் பிடித்தது. பிறகு அங்கேயே காவலுக்குப் படுத்துக்கொண்டது.

நீதி: தம் நோயை மறைப்பவர், தம்மை நம்பியவர்களையும் சேர்த்தே ஆபத்தில் தள்ளுகிறார்.