நடுவில் விட்ட இடம்

பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாள்களில், நீரில் நீந்துகிற பறவைகளுக்கெல்லாம் ஒரே ராஜாதான். அவர் ஓர் அன்னம். பெருங்கடலுக்குக் கிழக்கே ஒரு பெரிய ஏரியில் கொலுவிருந்தார். அந்த நாட்டில் பறப்பதற்கென்றே ஒரு முறை உண்டு. எந்தக் கூட்டம் கிளம்பினாலும் ராஜா அனுப்பிய அதிகாரி நடுவில் பறப்பார், மற்றவர்கள் அவரைச் சுற்றி மொய்த்துக்கொண்டு பறப்பார்கள். யார் களைத்தார், யார் பின்தங்கினார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதிகாரி மேல் காற்றுப் படாமல் இருந்தால் சரி.

ராஜாவுக்கு மெத்தை என்றால் உயிர். உள்ளூர் இறகு போதாமல், கடலுக்கு மேற்கே, இன்று நாம் அமெரிக்கா என்கிற கரைக்கு ஒரு காட்டு வாத்துக் கூட்டத்தைக் குடியேறச் சொல்லி அனுப்பினார்.

"உதிர்ற இறகெல்லாம் வருஷா வருஷம் இங்கே வந்துடணும். உங்களுக்கு ஒரு அதிகாரியைப் பின்னாலேயே அனுப்பிவைக்கிறேன்" என்றார்.

சொன்னதோடு சரி. பக்கத்து ஏரி நாரை ராஜாவோடு அவருக்குச் சண்டை மூண்டுவிட்டது. வாத்துகள் இறகைக் கோரையில் பொதிந்து கடல் நீரோட்டத்தில் மிதக்கவிடும். அது கரை சேர்ந்தால் போதும் என்று அவர் இருந்துவிட்டார். மறதியால் ஒருவர் செய்யும் நன்மை சில நேரம் அக்கறையால் செய்வதைவிடப் பெரிதாக இருந்துவிடுகிறது.

குடியேறிய கூட்டத்தில் சாம்பலி என்றொரு பெண் வாத்து இருந்தாள். ராஜா மேல் அவளுக்கு அப்படியொரு பக்தி. முதல் இலையுதிர்காலத்தில் ஏரி ஓரமெல்லாம் பனிக்கட்டி கட்டத் தொடங்கியது. தெற்கே போகாவிட்டால் சாவுதான். ஆனால் அதிகாரி வந்தபாடில்லை. நடுவில் ஆள் இல்லாமல் எப்படிப் பறப்பது என்று கூட்டமே தவித்தது.

சாம்பலிக்கு ஒரு யோசனை தோன்றியது. "அவர் இடத்தை அவருக்குன்னே விட்டுவைப்போம். இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. எப்ப வந்தாலும் நேரா நடுவுல வந்து சேர்ந்துக்கட்டும்."

"அது சரிக்கா. முன்னால யாரு போறது?" என்று கேட்டான் கூழையன். வால் குட்டையானவன், வாய் நீளமானவன்.

எல்லாரும் பின்னுக்கு நகர்ந்தார்கள். முன்னால் போனால் தலைவன் மாதிரி இருக்கும். அதிகாரி வந்து, உன்னை யார் தலைவனாக்கியது என்று கேட்டால் என்ன சொல்வது?

கடைசியில் கூழையனே சொன்னான்: "நான் கொஞ்ச தூரம் போறேன். அவர் வந்துட்டா, இப்பதான் வந்தேன்னு சொல்லிக்கிறேன். அப்புறம் வேற யாராவது வாங்க."

இப்படித்தான் அவர்கள் மாற்றி மாற்றி முன்னால் போகப் பழகினார்கள். துணிச்சலால் அல்ல, பயத்தால். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்னால் இருப்பவர் களைத்ததும் "அடுத்து யாரு?" என்று குரல் கொடுப்பார். பின்னாலிருந்து ஒருவர் "நான்" என்பார். இடம் மாறிக்கொள்வார்கள். இன்ன பக்கம் மேகம், இன்ன பக்கம் தண்ணீர் என்று பின்னால் இருப்பவர்கள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார்கள். எங்கே இறங்குவது என்பதற்கு ஆகாயத்திலேயே ஒரு பஞ்சாயத்து நடக்கும். காது புளித்துப்போகும். ஆனால் அந்த வருடம் தெற்கே போன வழியில் ஒரு குஞ்சுகூட விழவில்லை.

ஒருமுறை சாம்பலி, இப்போது கிளம்பலாமா என்று ஆலாப் பறவை மூலம் ராஜாவிடம் கேட்டுவிட்டாள். ஆலா கடலைத் தாண்டிப் போய், அரண்மனை வாசலில் காத்துக் கிடந்து, பதிலோடு வருவதற்குள் கூட்டம் தெற்கே போய்க் குளிரைக் கழித்துத் திரும்பியே வந்துவிட்டது. பதில் என்ன தெரியுமா? "யோசித்துச் சொல்கிறோம்." கூழையன் தண்ணீரில் புரண்டு புரண்டு சிரித்தான். சாம்பலிக்குக் கோபம் வந்தது. அதன்பிறகு அவளும் கேட்டு அனுப்பவில்லை.

காலம் ஓடியது. அந்தக் கரையில் பிறந்து பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட அதிகாரி என்றால் எப்படி இருப்பார் என்று பார்த்ததில்லை. சாம்பலி மட்டும் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் நடுவில் விட்ட இடத்தைத் திரும்பிப் பார்த்துக்கொள்வாள். இந்த வருஷம் வந்துவிடுவார் என்பாள்.

வந்தேவிட்டார். நாரையோடு சண்டை ஓய்ந்தது, ராஜாவின் மெத்தைக்கு இன்னும் இறகு வேண்டியிருந்தது, அப்போதுதான் அவருக்கு மேற்குக் கரை நினைவுக்கு வந்தது. நெடுங்கழுத்தார் என்ற அன்னத்தை அதிகாரியாக அனுப்பினார். சாம்பலிக்குக் கால் தரையில் படவில்லை. இத்தனை காலம் தான் காத்த இடத்துக்கு உரியவர் வந்துவிட்டாரே.

நெடுங்கழுத்தார் ஏரியைச் சுற்றிப் பார்த்தார். "யாரைக் கேட்டு இப்படி வரிசை கட்டிப் பறக்கறீங்க? இனிமே என்னைச் சுற்றித்தான் பறக்கணும். முன்னால யார் போறதுன்னு நான் சொல்வேன். வழியில ஒரு சத்தம் வரக்கூடாது. எங்க ஊர்ல இன்னும் இலைகூடப் பழுக்கலை, அதுக்குள்ள என்ன அவசரம்?"

"அண்ணே, இங்கே குளிர் முந்தி வந்துரும்" என்றான் கூழையன்.

"அவர் பெரியவர், அவருக்குத் தெரியாதா?" என்று அவனை அடக்கினாள் சாம்பலி.

கிளம்ப உத்தரவு கிடைத்தபோது ஏரி பாதி உறைந்திருந்தது. அதிகாரியைச் சுற்றி மொய்த்தபடி எழுந்தார்கள். முன்னால் நிறுத்தப்பட்டவர்களே கடைசிவரை முன்னால். பேச்சு மூச்சு இல்லை. அந்தக் கூட்டம் சத்தமில்லாமல் பறந்ததை அந்த வானம் அதற்குமுன் பார்த்ததில்லை. பாதி வழியில் வடகாற்று பனித்தூளை அள்ளிக்கொண்டு வந்து மோதியது. சாம்பலியின் மகள் தத்தி அந்த வருடம் தாமதமாகப் பொரிந்தவள், இறக்கை இன்னும் முற்றாதவள். கூட்டத்தின் ஓரத்தில் அவள் தாழத் தொடங்கினாள். உத்தரவை மீறி ஒரே ஒரு முறை, மெல்ல, "அம்மா" என்றாள்.

அதிகாரிக்குப் பக்கத்தில் பறந்துகொண்டிருந்த சாம்பலிக்கு அது கேட்டுவிட்டது.

"ஐயா, கொஞ்சம் இடம் மாத்தி விடலாங்களா? முன்னால இருக்கிறவங்களும் தவிக்கிறாங்க, பின்னால என் பொண்ணு விழப்போறா."

"விழுறவ விழட்டும். இந்தப் பக்கம் எனக்குக் காத்தடிக்குது, நீ நெருங்கி வா" என்றார் நெடுங்கழுத்தார். அவள் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

இவருக்காகவா இத்தனை வருடம் இடம் விட்டுவைத்தோம் என்று சாம்பலிக்கு எரிச்சல் வந்தது. தன்மேலேயே வந்த எரிச்சல் அது. அவள் நெருங்கி வரவில்லை. அதிகாரியை விட்டு விலகினாள். பின்னால் போய், தன் இறக்கைக் காற்று மகளைத் தூக்கும்படி அவளுக்குச் சற்று முன்னால், ஒரு பக்கமாகப் பறந்தாள். பிறகு தொண்டை கிழியக் கத்தினாள்:

"அடுத்து யாரு?"

 பனிக்குள்ளிருந்து "நான்" என்று கூழையன் குரல் வந்தது. அப்புறம் இன்னொரு "நான்." அப்புறம் எங்கு பார்த்தாலும் "நான், நான்." மொய்த்திருந்த கூட்டம் தானாகவே பிரிந்து இரண்டு வரிசையானது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அத்தனை வருடப் பழக்கம் இறக்கையிலேயே இருந்தது. நினைத்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

நடுவில் நெடுங்கழுத்தார் மட்டும் தனியாக நின்றார். முன்னே போனவர்களுக்கு நேர் பின்னால் மாட்டிக்கொண்ட அவரை அவர்களின் இறக்கைக் காற்று கீழே அமுக்கியது. "ராஜா உத்தரவு" என்று கூவினார். மூச்சு வாங்கியது.

சாம்பலி அவரையும் விட்டுவிடவில்லை. "ஐயா, நடுவுல வராதீங்க. வரிசைக் கடைசியில வந்து சேருங்க, அங்கே சுலபமா இருக்கும். உங்க முறை வந்தா கூப்பிடுறோம்."

"என் முறையா? நான் ராஜாவோட ஆளு."

"இருந்துட்டுப் போங்க, அதனால என்ன. முன்னால அடிக்கிற காத்துக்கு அது தெரியாதுங்க."

நெடுங்கழுத்தார் கழுத்தைத் திருப்பிக்கொண்டு கிழக்கே போய்விட்டார். ராஜா கொதித்துப்போய் உத்தரவுக்கு மேல் உத்தரவு அனுப்பினார். எல்லாம் வழக்கம்போல் பருவம் தப்பித்தான் வந்து சேர்ந்தன. இறகுப் பொதி மட்டும் அதற்குப் பிறகு போகவில்லை.

தெற்கே வெதுவெதுப்பான தண்ணீரில் தத்தி பாசியைக் கொத்தித் தின்றுகொண்டிருந்தாள். சாம்பலி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இனிமே அந்த நடு இடத்தை மூடிடலாமா? யாரும் வரப்போறதில்லையே" என்றான் கூழையன்.

"வேண்டாம். அது காலியா இருந்தாத்தான் அந்த வரிசையில யாரு களைச்சிருக்காங்கன்னு இந்த வரிசைக்குத் தெரியும்."

பின்னாளில் கடல் கடந்து அதே கரையில் குடியேறிய மனிதர்களுக்கும் அக்கரையில் ஒரு ராஜா இருந்தார், அவருக்கும் வெகுகாலம் வேறு வேலைகள் இருந்தன. அவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி ஊர்க்காரியம் பார்க்கப் பழகியபோது தலைக்கு மேலே வாத்துகள் போய்க்கொண்டுதான் இருந்தன. நிமிர்ந்து பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது.

காட்டு வாத்துகள் இரண்டு வரிசை கட்டி, ஓயாமல் பேசிக்கொண்டு, களைத்தவர் பின்னால் போக இன்னொருவர் முன்னால் வர, எந்த அதிகாரியையும் எதிர்பார்க்காமல் பறப்பது சாம்பலி கத்திய அந்த நாளிலிருந்துதான். ராஜாவுக்கென்று விட்ட இடத்தை இன்றும் விட்டுத்தான் வைத்திருக்கின்றன. அதில் யாரையும் பறக்க விடுவதில்லை.