தூளிக் கயிறு

பாட்டின் இரண்டாவது வரியில் மரியதாசனின் கை நின்றது. மெட்டில்டா வாயை மூடிக்கொண்டாள்.

அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி எட்டு மாதம். மாதா கோயில் பாட்டுக் குழுவில் இருபத்தாறு வருஷம் பாடியவள். கீபோர்டு சத்தத்துக்கு மேல் அவள் குரல் இனி ஏறாது. அதனால் பாடுவதையே விட்டுவிட்டாள்.

சின்ன வாத்தியமாக இருந்தால் வீட்டிலாவது பாடுவாளோ என்றுதான், அறுபத்து மூன்று வயதில் அவள் கணவர் மரியதாசன் யுகுலேலே என்ற குட்டி கிட்டார் வாங்கினார். நாலே கம்பி.

மூன்று வாரம் கழித்து, அன்றைக்குத்தான் அவள் வாய் திறந்தாள். இவர் விரல் வைக்கும் இடத்தைத் தேடிக்கொண்டு நின்றுவிட்டார்.

மறுநாள் காலையிலேயே, யுகுலேலே சொல்லித்தரும் டீச்சர் வீட்டு மாடி ஏறினார். ஜெனோவா டீச்சருக்கு முப்பது வயது இருக்கும். உத்தரத்தில் சேலைத் தூளி. உள்ளே கைப்பிள்ளை.

“டீச்சர், இது நமக்கு வராது.”

“எது?”

“எஃப் கார்டு. ரெண்டு கம்பியில ரெண்டு விரல் வைக்கணுமே, அது.”

“சி வருதா?”

“வருது. சி-யில இருந்து எஃப்-க்குப் போறப்ப ரெண்டு விரலும் திருதிருன்னு முழிக்குது.”

“அது சரியா உக்காருற வரைக்கும் வலது கை என்ன செய்யுது?”

“நிக்குது. பின்னே? தப்பா வாசிக்கச் சொல்லுதீங்களா?”

உப்பளத்து எடைமேடையில் முப்பது வருஷம் இருந்த மனுஷன். முள் ஆடி அடங்காமல் ஒரு சீட்டு எழுதியதில்லை.

டீச்சர் யுகுலேலேயை அவர் மடியில் சாய்த்தாள். தூளிக் கயிற்றை அவர் வலது கையில் கொடுத்தாள்.

“பிள்ளைய ஆட்டுங்க. இடது கை சி-க்கும் எஃப்-க்கும் போயிட்டு வரட்டும்.”

“கம்பியத் தட்ட வேண்டாமா?”

“வேண்டாம்.”

“நான் பாட்டுப் படிக்க வந்தேன். ஆயா வேலைக்கு இல்ல.”

“சத்தம் போடாதீங்க அண்ணாச்சி. இப்பத்தான் கண்ணசந்தான்.”

ஆட்டினார். சி. கயிறு போனது, வந்தது. எஃப். நடுவிரல் பக்கத்துக் கம்பியில் போய் விழுந்தது. குனிந்து பார்த்தார்.

கயிறு நின்றது.

பிள்ளை வீலென்று கத்தினான்.

“ஐயோ, ஆட்டுங்க!”

ஆட்டினார். அடங்கினான். மறுபடி எஃப். மறுபடி குனிந்தார். மறுபடி வீல்.

“உங்க பிள்ள பொல்லாதவன் டீச்சர்.”

“யாரு, அவனா?”

அடுத்த தடவையும் விரல் தப்பாகத்தான் விழுந்தது. அவர் குனியவில்லை. தூளியையே பார்த்துக்கொண்டு ஆட்டினார். இன்னொரு தப்பு. இன்னொன்று. எப்போதோ ஒருமுறை சரி. உடனே மறுபடி தப்பு.

பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான்.

“எஃப் இன்னும் வரல டீச்சர்,” என்று கிசுகிசுத்தார்.

டீச்சர் தூளியை விலக்கிப் பார்த்தாள்.

“அத அவன்கிட்ட சொல்லாதீங்க. வீட்டுக்குப் போங்க.”

வீட்டில் மெட்டில்டா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“இன்னைக்கும் பாதியில விட்டுட்டுப் போறதுக்கா?”

“நீ பாடு.”

“கரகரன்னு இருக்கு.”

“என் எஃப்-ப நீ கேட்டதில்லையாக்கும்?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தட்ட ஆரம்பித்தார். முதல் வரிக்கு அவள் முனகினாள், அவ்வளவுதான்.

இரண்டாவது வரி வந்தது. எஃப் வரவில்லை. நடுவிரல் பக்கத்துக் கம்பியில் போய் உட்கார்ந்தது. கேட்கச் சகிக்கவில்லை.

வலது கை நிற்கவில்லை.

குரல் வந்தது. தாழ்ந்து, கிழிந்த துணி மாதிரி. அவர் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுமோ என்று பயம். சுவரைப் பார்த்துக்கொண்டே தட்டினார். அடுத்த வரி. அதற்கடுத்த வரி. எஃப் வரவேண்டிய இடமெல்லாம் தப்பு. அவள் பாடினாள்.

கடைசி வரியில் ஈரக் கை ஒன்று குறுக்கே நீண்டது. மூன்று வாரப் புலம்பலைக் கேட்டுக் கேட்டு எந்த விரல் எங்கே என்று மனப்பாடமாகிவிட்ட கை. பாட்டை விடாமல், அவர் நடுவிரலைத் தூக்கி, மேல்கம்பியில் வைத்து அழுத்தினாள் மெட்டில்டா.