கட்டியத்தில் பிறக்காத ராஜா

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் கடைசியாக யார் வந்து காதில் ஓதினார்களோ, அவர்கள் சொன்னதுதான் அவருக்கு வேதவாக்கு. அப்படிப்பட்டவர் கையில் வாளும் இருந்தால் ஊருக்கு எப்படித் தூக்கம் வரும், சொல்லுங்கள்.

அவர் சபையில் மல்லிநாச்சி என்றொரு புலவர். போர் முடிந்து வீடு திரும்பும் ஒரு வீரனையும் அவன் மனைவியையும் பற்றிக் காவியம் பாடியிருந்தாள். விளக்கை அணைத்த பிறகு அவன் உடம்பில் புதிதாக வந்த தழும்புகளை அவள் தடவித் தடவி அறிகிறாள், அழுகிறாள், பிறகு இருவரும் கூடுகிறார்கள். ராஜா கேட்டுக் கண்கலங்கிப் பல்லக்கு கொடுத்தார். மந்திரி மழவராயருக்கு வயிறு எரிந்தது. படுக்கையறையைச் சபைக்குக் கொண்டுவந்தவளுக்குப் பல்லக்கா, குடிகள் கெட்டுப்போவார்களே என்று ஓதிவிட்டார்.

அவ்வளவுதான், ராஜா மாறிவிட்டார். ஆணும் பெண்ணும் கூடும் வரி இனி எந்த ஏட்டிலும் எந்த வாயிலும் இருக்கக் கூடாது, அந்தக் கூடலால் விளைந்ததைச் சொல்லும் வரியும் கூடாது என்று ஆணை பிறந்தது. மறுநாள் சபையில் மல்லிநாச்சியின் தலை போகும். வரிகளை நீக்கும் வேலை விகடகவி வெண்காடனுக்கு. ஒரு வரி மிஞ்சினாலும் அவன் தலையும் போகும். இதுவும் மழவராயர் யோசனைதான்.

ஊர் நடுங்கியது. தாலாட்டுப் பாடிய தாய்மார் பாதியில் வாயை மூடிக்கொண்டார்கள். வெண்காடன் சிறைக்குப் போனான். மல்லிநாச்சியின் உதடு வெளுத்திருந்தது.

"அந்தப் பாட்டை மட்டும் அழிச்சிடாதீங்க அண்ணே. போர் அவன் உடம்பை என்ன செஞ்சுதுன்னு அவ விரலுக்குத்தான் தெரியும். அதை எடுத்துட்டா மிச்சம் வெறும் வெட்டுக்குத்துதான்" என்றாள்.

வெண்காடனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு வழிதான் தோன்றியது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். தினமும் சபையில் அரசர் புகழ் கூவும் கட்டியக்காரர், முதல் மன்னரில் தொடங்கி வம்சத்தைச் சொல்லி வருவார். தம் பெயர் வந்த பிறகே ராஜா சிம்மாசனத்தில் உட்காரலாம்.

மறுநாள் காலை கொலைச் சேவகன் வாளோடு நின்றான். மல்லிநாச்சியைக் கட்டிக் கொண்டுவந்தார்கள். கட்டியக்காரர் குரலெடுத்தார். "முதல் மன்னர் வேலேந்தியார் பராக்! பட்டத்தரசியை மணந்தார் பராக்!"

அதோடு நிறுத்திவிட்டார். ராஜா நின்றபடியே மேலே சொல்லச் சொன்னார். கட்டியக்காரர் வெண்காடனைப் பார்த்தார். வெண்காடன் தடாலென்று தரையில் விழுந்தான்.

"மகாராஜா, மேலே வரியில்லை. 'மணந்து பள்ளியறை புகுந்து பெற்ற சிங்கம்' என்று தலைமுறைக்குத் தலைமுறை வரும். கூடும் வரியை நீக்கினேன். அதனால் விளைந்ததைச் சொல்லும் வரியையும் நீக்கினேன். தங்கள் பாட்டனார், தந்தையார், தாங்கள் எல்லோரும் அதில்தான் இருந்தீர்கள்."

ராஜாவின் கை வாளுக்குப் போனது. வெண்காடன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

மழவராயர் முந்திக்கொண்டார். "அடாத செயல், மகாராஜா! ராஜவம்சத்துப் பள்ளியறையில் என்ன ஆபாசம்? அந்த வரிகளை உடனே சேர்க்க வேண்டும்."

ராஜா அவரைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியானால் என் படைவீரன் வீட்டுப் பள்ளியறையில் மட்டும் எங்கிருந்து வந்தது மந்திரியாரே, ஆபாசம்?"

ராஜா முதலில் மெல்லச் சிரித்தார், பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் பிறந்ததையே அழித்துவிட்டானே பாவி!" மல்லிநாச்சியின் கட்டை அவிழ்க்கச் சொல்லி, அந்தப் பாட்டைப் பாடச் சொன்னார். அவள் பாடினாள். முடியும்வரை அவர் உட்காரவே இல்லை.

நீக்கிய வரிகளையெல்லாம் மழவராயரே தம் கையால் திரும்ப எழுத வேண்டும் என்று ஆணையானது. மல்லிநாச்சியின் பாட்டு வந்தபோது மட்டும் அவர் மூல ஏட்டைப் பார்க்காமலே கடகடவென்று எழுதினாராம்.

வெண்காடனுக்குப் பொற்காப்பு கிடைத்தது. கை அப்படி நடுங்கியதால் ராஜாவே அதைப் பிடித்துக்கொண்டு போட்டுவிட வேண்டியிருந்தது.