சிவப்புப் பாட்டில்

மலையடிவார ஆசிரமத்தில் வேதவல்லி, குரு ஞானாம்பாளைவிட வயதில் மூத்தவர். தியானத்தில் உட்கார்ந்தால் அசையவே மாட்டார் என்று எல்லோரும் மெச்சுவார்கள். நடுவில் எழுந்து போகவேண்டி வருமே என்று அவர் தண்ணீரையே தொடாமல் இருந்தது யாருக்கும் தெரியாது. பிறகு நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்? வந்தது, போனது, மறுபடியும் வந்தது.

அன்று காலை குளிர்காய்ச்சல். சுவரைப் பிடித்துக்கொண்டே குருவின் அறைக்கு வந்தார். கையில் சிவப்பாக ஒரு பாட்டில்.

"டொரண்டோவிலேருந்து பொண்ணு அனுப்பிச்சிருக்கா. கிரான்பெரி ஜூஸ். நீர்க்கடுப்புக்கு இது கேட்குமாம்மா?"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"அடிக்கடி வராம இருக்கச் சிலருக்கு உதவலாமாம். வந்த பிறகு இதை நம்பி இருக்கக் கூடாதாம். மாத்திரை எழுதிக் குடுத்தார்."

"சாப்பிட்டீங்களா?"

"வாங்கவே இல்லை."

ஞானாம்பாள் அவர் நெற்றியைத் தொட்டார். கொதித்தது.

"ஐயோ, என்ன பிடிவாதம் இது! கிட்னியில போய் உக்காந்தா என்ன பண்ணுவீங்க? ஏன் வாங்கலை?"

வேதவல்லி பாட்டிலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இது வந்தா என் பொண்ணு மைதிலி போன் பண்ணுவா. குடிச்சியாம்மா, எரிச்சல் குறைஞ்சுதான்னு கேப்பா. இன்னும் கொஞ்சம் இருக்குடின்னு சொல்வேன். மறுநாளும் கூப்பிடுவா. போன தடவை சரியாயிடுச்சுன்னு சொல்லித் தொலைச்சேன். அப்புறம் பொங்கலுக்குத்தான் கூப்பிட்டா."

குரு எழுந்தார். வெளியே போய் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு, ஒரு செம்பு நிறையத் தண்ணீரோடு வந்தார்.

"குடிங்க."

"தியானத்துக்கு மணி அடிக்கப் போறாங்க. நடுவுல எழுந்திருக்கணுமே."

"எழுந்திருங்க. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

வேதவல்லி குடித்தார். நெடுநாள் தாகம், செம்பு காலியானது. ஆட்டோ வந்து வாசலில் நின்றது. ஏறப்போனவர் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"குணமாயிட்டா அவ எதுக்கும்மா என்னைக் கூப்பிடப் போறா?"

ஞானாம்பாள் அவருடைய போனை எடுத்து மகளின் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் மணி அடித்தது. போனை அவர் கையில் வைத்தார்.

"ஐயோ, என்னன்னு சொல்லுவேன்?"

"அடக்கினது போதும். உன்னைப் பாக்கணும் போல இருக்குன்னு சொல்லுங்க."